கம்பியில்லாத சன்னல்

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க, அந்த ஷட்டரக் கொஞ்சம் இறக்கிவிடுங்க. காத்து வருதுன்னு நினைக்கீங்க. அது காத்தில்ல, வெக்கை. உச்சி வெயில்ல சன்னலத் தொறந்து வைக்கது, தெருவுல போற சூட்டை வா வான்னு கூப்பிட்டு உள்ள உக்கார வைக்கதுதான். பாதி இறக்குங்க, போதும். முன்னால டிரைவர் பக்கமிருந்து வாரதே நமக்குத் தாராளம். ஆங், அப்படித்தான்.

இப்படிப் பாக்காதீங்க, நான் கோட்டி பிடிச்சவன் இல்ல. வீடு கட்டுதவன். பேரு ஜெயசிங். ஓமான்ல ரொம்ப வருசமா இன்சினியரா இருக்கேன். மஸ்கட்ல இருந்து உள்ள தள்ளி, கடலு கண்ணுலயே படாத பக்கம். மணலும் கல்லும், வேற ஒண்ணும் கிடையாது. கோடைல நாப்பத்தஞ்சு டிகிரி சாதாரணமாப் போவும். அந்த எடத்துல ஏசியே இல்லாம ஒரு வீடு கட்டுனேன். ஃபேனு, ஃப்ரிட்ஜு, நாலு லைட்டு, அவ்வளவுதான் கரண்டு. சும்மா பெருமைக்குச் சொல்லல. கட்டுனேன், ஜெயிச்சேன். ஆனா அந்த வீட்டால எம் பொஞ்சாதி என்னை விட்டுட்டு வந்துட்டா. இப்ப அவளக் கூப்பிடத்தான் போறேன். உடன்குடில எறங்கணும். நீங்க திருச்செந்தூரா? சரி, அப்ப நேரம் கெடக்கு. நியாயத்த நீங்களே சொல்லுங்க.

வீட்டப் பத்திச் சொன்னாத்தான் என் பக்கம் புரியும். சுவரு ஒண்ணரை அடிக் கனம், மண்ணும் சுண்ணாம்பும் போட்டு அழுத்துன கல்லு. மேக்கால சன்னலே கிடையாது, சாயங்கால வெயிலு எமன்லா. கூரை ரெண்டு. மேல் கூரை வெயில வாங்கிக்கிடும், ரெண்டுக்கும் எடையில காத்து ஓடும், கீழ்க் கூரைக்குச் சூடு எட்டாது. நடுவுல முற்றம். சூடான காத்து ஏறி வெளிய போக உசரமா ஒரு கோபுரம். குளுந்த காத்து உள்ள வர வடக்க தரையோட ஒட்டுனாப்புல நாலு பெரிய சன்னல். ஒவ்வொரு சன்னலுக்கும் உள்பக்கம் ஒரு மண்பானை நிறைய தண்ணி. வார காத்து பானையத் தடவிட்டு வரும் பாத்துக்கிடுங்க, சிலுசிலுன்னு.

ஆனா வீடு தன்னால குளுராது. அதுல இருக்கவங்க அதை ஓட்டணும், இந்த பஸ்ஸ ஓட்டுத மாதிரி. அந்த ஊர்ல பகல்ல என்ன கொதி கொதிச்சாலும் ராத்திரி மடமடன்னு எறங்கிரும். நம்ம கடக்கரை மாதிரி விடிய விடியப் புழுங்காது. அதனால பொழுது அடைஞ்சதும் எல்லாச் சன்னலயும் தொறந்துரணும். சுவரு ராத்திரி பூரா குளுமையக் குடிச்சுக்கிடும். விடியதுக்கு முன்ன எல்லாத்தயும் சாத்திரணும். பகல் பூரா சுவரு உங்கள வச்சுக் காப்பாத்தும்.

நம்ம ஊர்ல என்ன செய்தோம்? காலைல எந்திச்சதும் வாசலத் தொற, சன்னலத் தொற. வெளக்கு வச்சதும் கொசுவுக்கும் களவாணிக்கும் பயந்து தாப்பாக் கொண்டியப் போடு. அங்க அப்படியே தலைகீழு. இந்த ஒரே ஒரு பழக்கம் தம்பி. இத மாத்திக்கிடத் தெரியாமத்தான் எங் குடும்பம் இப்படி நிக்கி.

முதலாளி அந்த ஊர்க்காரரு, வயசாளி, கெட்டிக்காரரு. வீட்டச் சுத்திப் பாத்துட்டு சொன்னாரு, "ஜெயசிங், ஆளில்லாத வீடு குளுமையாத்தான் இருக்கும். இதுல ஒரு குடும்பம் இருக்கணும். அடுப்பு எரியணும், துணி காயணும், பிள்ளை ஓடணும். இந்தக் கோடை முழுக்க உள்ள முப்பத்திரெண்டத் தாண்டாம இருந்துச்சுன்னா எம்பது வீடு உன் பிளான்ல கட்டுவோம். தாண்டுச்சுன்னா எல்லாத்துலயும் ஏசி." ஏசி போட ஆளும் பக்கத்துலயே நிக்கான், குரியன்னு ஒரு மலையாளத்தான். என்னப் பாத்தா போதும், "எந்தா ஜெயசிங், ஒரு ஸ்பிளிட் ஏசி வச்சுத் தரட்டே?"ம்பான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறும்.

குடும்பத்துக்கு எங்க போவேன்? ஊருக்குப் போன் போட்டேன். எம் பொஞ்சாதி ஹெப்சிபா இங்க ஸ்கூல் டீச்சரு. லீவோட இன்னும் கொஞ்சம் லீவு சேத்துப் போட வச்சு, பாப்பாவையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். பாப்பா ஜெமீமா, ஒண்ணாங் கிளாஸ். கல்யாணமாகி ஒன்பது வருசத்துல மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்கது அதான் முதல் தடவ. அவ எவ்வளவு சந்தோசமா வந்தா தெரியுமா? கருப்பட்டி, காயப்பொடி, இடியாப்ப உழக்குன்னு பெட்டி நிறைய.

வந்து எறங்குன அன்னைக்கே வீடு முழுக்கச் சுத்தி வந்தா. சுவரத் தடவிப் பாத்தா. நல்லாருக்கு அத்தான்னு சொன்னா. அப்புறம் வடக்குச் சன்னல்ட்ட போயி குனிஞ்சு நின்னு கேட்டா, "அத்தான், கம்பி எங்க?"

"கம்பி கிடையாது"ன்னேன்.

"கம்பி இல்லாம எப்படி? ஆளு எட்டு வச்சா உள்ள வந்துருவான்லா?"

இதுதான் நம்ம ஆளுக புத்தி. நம்மாள்ட்ட ஒரு அரண்மனையவே கட்டிக் குடுங்க, முதல்ல கம்பி எங்கம்பான். நான் பொறுமையாச் சொன்னேன். இரும்பு சூட்டை இழுக்கும், வெளியில உள்ளத உள்ள கடத்தும். காத்து வார எடத்துல குறுக்க எதுவும் நிக்கக் கூடாது. போதாக்குறைக்கு முதலாளிட்ட பிளான் போயாச்சு, இனி ஒரு ஆணி கூட்டுனாலும் குரியன் "வீடு தோத்துருச்சு, மாத்துதான்"னு ஊதிவிடுவான். அவ கம்பி இல்லைன்னா நீங்க ராத்திரி வீட்டுல இருப்பீங்கல்லான்னு மட்டும் கேட்டா.

அங்கதான் சிக்கல். கோடைல அங்க பகல்ல வெளி வேலை பாக்க முடியாது, கான்கிரீட்டும் வெயில்ல போட்டா வெடிச்சிரும். அதனால கான்கிரீட்டெல்லாம் ராத்திரிதான். நான் பொழுது சாயக் கிளம்புனா விடிஞ்சுதான் வருவேன். தனியா இருக்கணும், ஆமா. அதுக்கென்ன? சைட்டு கார்ல போனா அஞ்சே நிமிசம். வீட்டுக்குப் பின்னால தண்ணித்தொட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் லேபர் கேம்பு. நம்ம பயலுவ, நேபாளத்துப் பயலுவ, எல்லாம் பாவப்பட்டவனுவ, வேலை வேலைன்னு கெடக்கவனுவ. ஒரு பய தலை நிமிந்து பாக்க மாட்டான்.

முதல் வாரம் வீடு முப்பதுல நின்னுச்சு. எனக்குச் சொர்க்கத்துல இருக்க மாதிரி. அப்புறம் ஏற ஆரம்பிச்சுது. முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணரை. ஏன் ஏறுதுன்னு தெரியல. நான் தூங்கல தம்பி. பகல்ல வந்து படுத்தாலும் கண்ணு அந்த தெர்மாமீட்டர்லயே நிக்கும். கூரைல ஏறி எடைவெளில குப்பை அடைச்சிருக்கான்னு பாத்தேன். இல்ல. கோபுரத்துல குருவி கூடு கட்டிருக்கான்னு பாத்தேன். இல்ல. சுண்ணாம்பு அடிச்ச மேஸ்திரியப் பிடிச்சு, கலவைல கை வச்சியாடான்னு சண்டை போட்டேன். அந்த மனுசன் அழுதே போட்டான். முப்பத்திரெண்டத் தொட்டுருச்சு. அந்த மாசக் கடைசில முதலாளி பாக்க வாராரு. குரியன் கையத் தேச்சிட்டு நிக்கான். நான் வீட்டுக்குள்ள பைத்தியம் பிடிச்சவன் மாதிரி சுவருல காத வச்சிட்டுத் திரியுதேன்.

அவட்ட கேட்டேன், ராத்திரி சன்னல் தொறந்துதான இருக்கு? ஆமாங்கா. மூஞ்சியப் பாக்காமச் சொன்னா. நான் அதக் கவனிக்கல. சமையக்கட்டுல சோலியா இருக்கான்னு நினைச்சேன்.

ஒருநாள் கான்கிரீட் பம்பு ரிப்பேராயி சீக்கிரமே திரும்பிட்டேன். தூரத்துல இருந்தே பாக்கேன், வீட்டுல எல்லா லைட்டும் எரியுது. நாலு சன்னலும் அடைச்சு, கொண்டி போட்டு, கொண்டிக்கு மேல சேலைய முறுக்கிக் கட்டி வச்சிருக்கு. கதவத் தட்டுனா தொறக்க மாட்டேங்கா. நாந்தாம்ட்டின்னு மூணு தரம் கத்துன பெறகு தொறந்தா. உடம்பெல்லாம் வேத்து ஊத்துது. பாப்பா தரைல கெடந்து ஒறங்குது, பக்கத்துல அருவாமனை. வீட்டுக்குள்ள அவிச்சல்னா அவிச்சல், இட்லி கொப்பரைதான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஒரு மாசமா நான் மேஸ்திரிய அடிக்கப் போறேன், கூரையக் கொத்தப் போறேன், கடைசில களவாணி வீட்டுக்குள்ளயே இருக்கா!

"ஏட்டி, என் பொழப்புல மண்ண அள்ளிப் போடவா ஊர்ல இருந்து வந்த?"ன்னு கத்திட்டேன்.

"ராத்திரி யாரோ நடக்காங்க அத்தான்."

"தண்ணித்தொட்டிக்குப் போற ஆளுவளா இருக்கும்."

"தொட்டி பின்னால இருக்கு. இது வடக்க. சன்னல்ட்ட வந்து நிக்காங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறாங்க."

"நாயா இருக்கும்."

"நாய் இருமாது அத்தான்."

பயம் வந்தா மனுசனுக்கு எதுவும் கேக்கும். நாங்க சின்னப் பிள்ளைல பனங்காட்டுக்குள்ள கேக்காத இருமலா? நான் அதையும் அவட்ட எடுத்துச் சொன்னேன். அவ அழல. அழுதாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்கும். கைய என் கைல வச்சு, "கம்பி மட்டும் போட்டுக் குடுங்க. நீங்க சொன்னபடி விடிய விடியத் தொறந்து வைக்கேன், கோடை முடியிற வரைக்கும் இருந்து காட்டுதேன்"னா. எம்பது வீடு ஜெயிச்சா நூறு கம்பி போட்டுத் தாரேன், இப்ப முடியாதுன்னேன். இதுல என்ன தப்பு? முதலாளி வார நேரத்துல சன்னல்ல இரும்பு மாட்டிட்டு நிக்க முடியுமா?

பெறகு கொஞ்ச நாள் தொறக்கேன் தொறக்கேன்னா. தெர்மாமீட்டரு பொய் சொல்லுமா? நான் கிளம்பி ஒரு நாழி ஆனதும் அடைச்சிருக்கா. முதலாளி வார தேதி நெருங்குது. வெள்ளிக்கிழமை அவளும் பாப்பாவும் சர்ச்சுக்குப் போயிருந்தாவ, அங்க வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. நான் ஸ்குரூ டிரைவர எடுத்தேன். சன்னல் கொண்டி, ரூமு கொண்டி எல்லாத்தயும் கழத்தி கார் டிக்கில போட்டுட்டேன். காத்துக்குத் தடை ரூமு கதவாலயும் வரும்லா. வாசக்கதவுக்குப் பூட்டு இருக்கு, அது போதும். அவட்ட சொல்லல. சொன்னா மல்லுக்கு நிப்பா. ஒரே ஒரு ராத்திரி தொறந்து கெடந்து ஒண்ணும் நடக்கலைன்னா அவ பயமும் தன்னால தெளிஞ்சிரும்னுதான். அவ நல்லதுக்கும் சேத்துத்தான் செஞ்சேன்.

அன்னைக்குப் பெரிய கான்கிரீட்டு, ஒரு கட்டடத்தோட அடித்தளம் பூரா. நடுவுல நிறுத்த முடியாது. கேம்புல உள்ள அத்தன பேரையும் எறக்கிட்டேன், சமையக்காரன் உள்பட. போனு கார்ல கெடந்துச்சு. வேலைன்னு வந்தா நான் போனத் தொட மாட்டேன். விடியக் காலைல பாத்தா அவ கூப்பிட்டது வரிசையா நிக்கி. கொண்டியக் காணும்னு சண்டை போடக் கூப்பிட்டிருப்பான்னு நினைச்சு, சிரிச்சிட்டே வண்டிய எடுத்தேன்.

வீட்டுக்குள்ள நொழைஞ்சேன். தம்பி, என்ன ஒரு குளுமை! மலைல இருக்க மாதிரி. நேரா தெர்மாமீட்டர்ட்ட போனேன். இருபத்தெட்டு! இருபத்தெட்டு, தம்பி! வெளிய நாப்பத்தஞ்சு போற ஊர்ல! இத்தனைக்கும் அவ கட்டில இழுத்து ஒரு சன்னலுக்கு அண்டக் குடுத்து அடைச்சு வச்சிருக்கா. ஒரு பானை வேற உடைஞ்சு, தண்ணி தரை பூராப் பரவிக் கெடக்கு. ஒரு சன்னலும் ஒரு பானையும் இல்லாமலே இருபத்தெட்டு. நான் கண்ணுல தண்ணி வச்சிட்டேன். ஹெப்சி, ஹெப்சின்னு கூப்பிடுதேன், ஆளக் காணும்.

பாத்ரூம்ல இருந்தாவ ரெண்டு பேரும். பாத்ரூம் கொண்டிய நான் கழத்தலலா, அது காத்தோட்டக் கணக்குல வராது. ராத்திரி பூரா அதுக்குள்ள இருந்திருக்காவ. நான்தான்னு சொன்னதும் தொறந்தா. பாப்பா அவ இடுப்பக் கட்டிப் பிடிச்சிட்டு விடவே இல்ல. பாப்பா பாவாடை நனைஞ்சு கெடந்துச்சு. நான் சந்தோசத்துல, "ஏட்டி, இருபத்தெட்டு!"ன்னேன். அவ என்னையப் பாத்தா.  பெறகு பாப்பாக்குத் துணி மாத்திட்டு, எனக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டுச் சொன்னா, "டிக்கெட் போடுங்க."

சண்டை போடல. ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். சரி, கோவம், ரெண்டு நாள்ல ஆறிரும்னு பாத்தா, பெட்டியக் கட்டி வாசல்ல வச்சிட்டு அது மேலயே உக்காந்திருக்கா. என்ன செய்ய, டிக்கெட் போட்டேன்.

முதலாளி வந்தாரு. குடும்பத்த எங்கன்னாரு. கொழுந்தியாளுக்குக் கல்யாணம், ஊருக்குப் போயிருக்காவன்னேன். அவ போன பெறகு நான் ஒத்தைல கெடந்து, அடுப்பெரிச்சு, துணி காயப் போட்டு வீட்ட ஓட்டுனேன். சாயங்காலம் தொறந்து, விடியக்காலம் சைட்டுல இருந்து ஓடி வந்து அடைச்சு, கோடை பூரா முப்பத்தத் தாண்டல.  முதலாளி எம்பது வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டாரு. போடும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, "சன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி வச்சிரு. முதல் வீட்டுல எம் மவ குடியிருக்கப் போறா." வச்சிட்டேன். காத்து கொறைஞ்சிருமோன்னு பயந்து அளந்து பாத்தேன், நூலளவு கூடக் கொறையல. சூடும் ஏறல. பாருங்க, அவ ஒரு மூணு மாசம் பொறுத்திருந்தா கம்பி தன்னால வந்திருக்கும். அவசரக்குடுக்கை.

மாமனாரு போன்ல சொல்லுதாரு, பாப்பா ராத்திரி எந்திச்சு எந்திச்சு கொண்டி போட்டிருக்கான்னு தடவிப் பாத்துட்டு வந்து படுக்காளாம். ஸ்கூலுக்குப் போனாலும் கிளாஸ் கதவச் சாத்தச் சொல்லி அழுதாளாம். தாய் பழக்கிவிட்டதுதான், வேறென்ன? பிள்ளைட்ட பயத்தக் காட்டக் கூடாதுன்னு நான் எத்தன தரம் சொல்லிருப்பேன்! அதான் நேர்ல போறேன். முதலாளி எனக்கும் ஒரு வீடு ஒதுக்கியிருக்காரு. கம்பி போட்ட வீடு. போட்டோ கொண்டு போறேன். முதல்ல இருபத்தெட்டு நின்ன கதையச் சொல்லி, பெறகு போட்டோவக் காட்டலாம்னு...

என்ன கேட்டீங்க? சத்தமாக் கேளுங்க, பஸ்ஸு ஆடுததுல ஒண்ணும் விளங்கல.

பானையா? பானை எப்படி உடைஞ்சுதுன்னா? பூனையா இருக்கும் தம்பி. இல்ல, பானை உள்பக்கந்தான் இருந்துச்சு. சன்னலுக்கு உள்ள. பூனை உள்ள குதிச்சிருக்கும்... அங்க பூனைய நான் பாத்ததில்ல. சரி, கேம்பு ஆளு எவனாவது தண்ணிக்குப் போறவன் வழி தப்பி...

இல்ல. அன்னைக்குக் கேம்புல எவனும் இல்லையே. அத்தன பேரும் என்கூடல்லா நின்னானுவ. நாந்தான எறக்குனேன். சமையக்காரன் கூட என் பக்கத்துல நின்னு கூடை சுமந்தான்.

இருங்க. கொஞ்சம் இருங்க தம்பி.

அவ சொல்லலையே. காப்பி குடுத்தா, டிக்கெட் போடுன்னா. அவ்வளவுதான் சொன்னா. நானா? நான் என்ன கேட்டேன்... நான் தெர்மாமீட்டரக் காட்டுனேன். எத்தன மணிக்கு எந்தெந்தச் சன்னல் தொறந்திருந்துச்சுன்னு கேட்டேன். அது கேட்டேன். ஏர்போர்ட்ல வச்சு, லீவு இன்னும் கெடக்கேன்னு கேட்டேன். போன்ல இந்த ஏழு மாசமா எப்ப வாரன்னு கேட்டிருக்கேன்.

கண்டக்டரு உடன்குடின்னா கத்துதாரு? வந்துட்டா? பைய அந்தப் பக்கம் எடுத்துக் குடுங்க. இல்ல, வேண்டாம், இருக்கட்டும், நான் எடுத்துக்கிடுதேன். 

தம்பி, அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு நான் அவட்ட இதுவரைக்கும் கேக்கவே இல்ல.